தைவான் கண்ட திருமண உரிமை

ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் மணம் புரியும் உரிமையை ஆசியாவில் முதலில் சட்டமாக்கிய நாடு தைவான். 1986ஆம் ஆண்டிலேயே சீ சியாவெய் என்பார் தம் ஆண் துணைவருடன் திருமணப் பதிவு கோரினார்; மறுக்கப்பட்டது. அவர் ஓயவில்லை. அவரும் தைபே நகராட்சியும் செய்த முறையீட்டின்மேல், 2017 மே 24இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அத்தடை சமத்துவத்திற்கு முரண் எனத் தீர்ப்பளித்து, சட்டம் திருத்த ஈராண்டுத் தவணை தந்தது.

ஆனால், 2018 நவம்பரில் நடந்த பொது வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் பெரும்பான்மையோர், குடியியற் சட்டத்தில் திருமணம் ஆண் பெண் இருவர்க்கே உரியது என்றனர். தீர்ப்பையும் தள்ளலாகாது, வாக்கையும் புறக்கணிக்கலாகாது. எனவே நாடாளுமன்றம் பழைய சட்டத்தைத் தொடாமல், 2019 மே 17இல் தனிச்சட்டம் ஒன்றை இயற்றியது. அதில் குறையும் இருந்தது: இருவரும் சேர்ந்து பிறர் பிள்ளையைத் தத்தெடுக்கும் உரிமை 2023இல்தான் கிட்டியது.

சிறுபான்மையோர் உரிமைக்கு வாக்கெண்ணிக்கை மட்டுமே அளவுகோலாகாது என்பது இவ்வரலாற்றால் விளங்கும்.