இரண்டாந்தரக் கல்லூரி ஈந்த முதல்தர மக்கள்

சேர்வராயன் மலையடிவாரத்தில், வாணியாறு பாயும் ஊர் எங்கள் பாப்பிரெட்டிப்பட்டி. சென்ற திங்கள் பன்னிரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி என்னை நாடி வந்தாள். உழவர் வீட்டுப் பெண். "ஐயா, பக்கத்துக் கல்லூரியிலேயே சேர் என்கிறார் அப்பா. இங்கே சேர்ந்துவிட்டால், சென்னையின் பெரிய கல்லூரிகள் எனக்கு என்றைக்கும் எட்டாதவைதாமா?" என்று கேட்டாள்.

சிறிய கேள்விதான். ஆனால் அதனுள் ஒரு நூற்றாண்டு வரலாறே அடங்கிக் கிடக்கிறது!

சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியது 1857-இல். அதன் ஆட்சியில் கல்லூரிகள் இருவகையாயின. பட்டம் வரை கற்பித்தவை முதல்தரக் கல்லூரிகள். எஃப்.ஏ. எனும் தொடக்கத் தேர்வு வரை மட்டும் கற்பித்தவை இரண்டாந்தரக் கல்லூரிகள். சிற்றூர்ப் பிள்ளைக்கும் சிறுநகரப் பிள்ளைக்கும் அருகில் இருந்தது பெரும்பாலும் இரண்டாவதே. அங்கே எஃப்.ஏ. தேறியபின் தலைநகருக்குப் பெயர்ந்து பட்டம் பெறுவதே அந்நாளைய முறை.

இரண்டாந்தரம் என்று பெயர் சூட்டினார்களே, அங்கே பயின்றோரும் இரண்டாந்தரமா? இல்லை, தோழர்களே! விசாகப்பட்டினத்துச் சிறு கல்லூரியில் எஃப்.ஏ. படித்து, சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்தவர்தாம் சர் சி. வி. இராமன். 1930-இல் நோபல் பரிசு அவரைத் தேடி வந்தது. வேலூர் ஊரிசுக் கல்லூரியிலிருந்து சென்னைக் கிறித்துவக் கல்லூரிக்குப் பெயர்ந்த இராதாகிருஷ்ணன், 1936-இல் ஆக்சுபோர்டில் பேராசிரியரானார். 1962-இல் குடியரசுத் தலைவரானார்.

இவ்விருவரும் ஆடவர், கல்வி மரபுடைய குலத்தவர். பெண்ணுக்கு, அதிலும் பழித்து ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்த தாயின் மகளுக்கு அவ்வழி திறந்ததா? திறக்க வைத்தார் முத்துலெட்சுமி! 1886-இல் பிறந்த அவர், புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் இடம் கேட்டபோது எதிர்ப்பு எழுந்தது. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் எதிர்ப்பை ஒதுக்கி இடமளித்தார். அங்கிருந்து 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரி புகுந்து, 1912-இல் மருத்துவரானார். சட்டமன்றத்தில் தேவதாசி முறையை எதிர்த்து முழங்கினார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை கண்டார். புதுக்கோட்டையில் வாயில் அடைபட்டிருந்தால், இவற்றுள் எது நமக்குக் கிட்டியிருக்கும்?

வாயில் அடைபட்டவரும் உண்டு. கும்பகோணத்திலும், பின்னர்ப் பச்சையப்பன் கல்லூரியிலும் படித்த இராமானுசன் எஃப்.ஏ. தேறவில்லை. கணக்கில் ஈடிணையற்றவர், மற்றப் பாடங்களில் வீழ்ந்தார். எழுத்தராய் உழன்ற அவரை 1914-இல் கேம்பிரிட்சு அழைத்துக்கொண்டது. உள்நாட்டில் ஏணி கிடைக்காதவருக்குக் கடல் கடந்து ஒரு கை நீண்டது. எல்லோருக்கும் அப்படி ஒரு கை நீளுமா?

கை நீளும் என்று காத்திருக்காமல், சேர்க்கையின் முறையையே மாற்ற முனைந்தது நீதிக்கட்சி ஆட்சி. கல்லூரித் தலைவர் ஒருவரின் விருப்பத்திற்கு விடாமல், 1922-இல் தேர்வுக்குழுக்கள் அமைத்தது. அவ்வழியின் தொடர்ச்சியாக, அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு இடம் 2020-இல் மருத்துவக் கல்விக்கும், 2021-இல் பொறியியல் முதலிய தொழிற்கல்விக்கும் வந்தது.

எஃப்.ஏ. மறைந்தது, அதன் பின்வந்த இண்டர்மீடியட்டும் மறைந்தது. 1978-இல் மேனிலை வகுப்பு பள்ளிக்குள்ளேயே வந்தது. அதனால் நன்மை விளைந்தது. ஆயினும் பட்டப் படிப்பின் நடுவே கல்லூரி மாறும் பழைய வழி குறுகிற்று. முழுதும் மூடவில்லை. பாலிடெக்னிக்கில் பட்டயம் பெற்றோர் பொறியியல் இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாம். அறிவியல் பட்டம் பெற்றோர் 'ஜாம்' தேர்வெழுதி ஐ.ஐ.டி.யில் முதுகலை பயிலலாம். வழி இருக்கிறது, வழியுண்டு என்று சொல்லத்தான் சிற்றூர்களில் ஆளில்லை.

இவற்றையெல்லாம் அம்மாணவியிடம் சொன்னேன். மறுநாள் தந்தையோடு வந்தாள். முத்துலெட்சுமியின் கதையை அவரும் கேட்டார். சற்றுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அந்தப் பெண்ணின் அப்பா என்ன செய்தாருங்க?" என்றார்.

"ஊர் பள்ளிக்கு அனுப்பாதே என்றபோது வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார், ஐயா; பிறகு கல்லூரிக்கு அனுப்பினார்" என்றேன்.

"இங்கே மூன்று வருசம் படிக்கட்டும். அப்புறம் எங்கே இடம் கிடைத்தாலும் நானே கொண்டுபோய் விடுகிறேன்" என்றார் அவர்.