விளையாட்டும் வீட்டாரின் விருப்பமும்

வடநாட்டில் குடியிருக்கும் நம்மவர் அனைவரும் ஒரு பழமொழியைக் கேட்டிருப்போம். படித்து எழுதினால் நவாப் ஆவாய், ஆடிக் குதித்தால் கெட்டுப் போவாய் என்பது அதன் பொருள். இந்தியில் எதுகை அமையச் சொல்லப்படும் இம்மொழியை, விளக்கு வைத்த பின்னும் வீடு திரும்பாத சிறுவனை நோக்கிக் கான்பூரிலும் பாட்னாவிலும் தாய்மார் கூறுவர். படிக்கிற பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு என்று மதுரையிலும் மாயவரத்திலும் நம் தாய்மார் கேட்டதும் இதையே. மொழி வேறாயினும் அச்சம் ஒன்றே. இவ்வச்சம் எங்கிருந்து பிறந்தது, காலப்போக்கில் எவ்வாறு உருமாறியது, இன்று நம் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுக்கும்போது அது நமக்கு எதை உணர்த்துகிறது என்பவற்றைச் சிறிது ஆராய்வோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நம் நாட்டுப் பெற்றோர் எல்லாரும் விளையாட்டை ஒரே கண்ணால் பார்க்கவில்லை. சமஸ்தானத்து மன்னர்கள் தம் மைந்தர்களை இராஜகோட்டையில் 1870-இல் திறக்கப்பட்ட இராஜகுமார் கல்லூரிக்கும், ஆஜ்மீரில் 1875-இல் நிறுவப்பட்ட மேயோ கல்லூரிக்கும் அனுப்பினர். அங்கே குதிரையேற்றமும் கிரிக்கெட்டும் பாடங்களுக்கு இணையான மதிப்புப் பெற்றிருந்தன. பிற்காலத்தில் இங்கிலாந்துக்காக ஆடிப் புகழ்பெற்ற இரஞ்சித்சிங் இராஜகோட்டையில் பயின்றவரே. பம்பாய்ப் பார்சி வணிகர் வீட்டு இளைஞர்களோ 1848-லேயே கிரிக்கெட் சங்கம் கண்டுவிட்டனர். 1886-இல் பார்சிக் குழு ஒன்று கப்பலேறி இங்கிலாந்துக்கே சென்று ஆடியது. அரச குலத்துக்கு நிலமும் பட்டமும் இருந்தன. வணிகக் குலத்துக்குக் கடையும் கப்பலும் இருந்தன. மைந்தன் மைதானத்தில் ஒரு நாளைச் செலவிட்டால் அவ்வீடுகளில் அடுப்பு அணைந்துவிடாது.

உத்தியோகத்தை நம்பிய நடுத்தரக் குடும்பத்தின் நிலை இதுவன்று. கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1857-இல் பல்கலைக்கழகங்கள் தோன்றின. அதன்பின் பட்டமே சோறு என்றாயிற்று. நிலத்தை விற்றோ, மனைவியின் நகையை அடகு வைத்தோ மகனைப் படிக்கவைத்த தந்தைக்கு, ஒரு தேர்வில் தோல்வி என்பது ஒரு குடும்பத்தின் தோல்வி. தேர்வுத்தாளில் ஓட்டத்துக்கும் தாவலுக்கும் மதிப்பெண் இல்லை. ஆகவே, 'ஆடாதே, படி' என்று அவர் சொன்னது விளையாட்டின் மீது கொண்ட வெறுப்பினால் அன்று. அது ஒரு வீட்டுக் கணக்கு. இந்தக் கணக்கை நாம் முதலில் மரியாதையோடு புரிந்துகொள்ளுதல் வேண்டும்.

இக்கணக்கு எவ்வளவு கடுமையானது என்பதைக் காட்ட ஜெய்பால் சிங்கின் வாழ்வு ஒன்றே போதும். இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தைச் சேர்ந்த முண்டா பழங்குடியில் பிறந்து, ஆக்ஸ்போர்டு சென்று படித்து, ஐ.சி.எஸ். பணிக்குத் தேர்வு பெற்றவர் அவர். அந்நாளில் இந்தியப் பெற்றோர் ஒருவர் கனவு காணக்கூடிய மிக உயர்ந்த படி அதுதான். அவ்வேளையில் 1928-ஆம் ஆண்டு ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக் போட்டிக்கு இந்திய ஹாக்கிக் குழுவின் தலைவராகும்படி அழைப்பு வந்தது. விடுப்பு மறுக்கப்பட்டது. அவர் மறுப்பைப் பொருட்படுத்தாது சென்றார். பயிற்சியை மேலும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும் என்று மேலிடம் வற்புறுத்தவே, அப்பதவியையே துறந்தார். நாடு தன் முதல் ஹாக்கித் தங்கத்தைப் பெற்றது. படிப்பு ஒரு தட்டிலும் ஆட்டம் மற்றொரு தட்டிலும் வைக்கப்பட்ட தராசு அந்நாளில் அத்தகையது. இரண்டையும் ஒருங்கே ஏந்த அது இடம் கொடுக்கவில்லை.

அதே குழுவில் ஆடிய மற்றொருவர் தியான் சந்த். 1905-இல் அலகாபாதில் பிறந்த அவர் ஒரு போர்வீரரின் மகன். 1922-இல் தாமும் சிப்பாயாகப் படையில் சேர்ந்தார். படைக்குள்தான் ஹாக்கியில் தேர்ச்சி பெற்றார். 1928, 1932, 1936 ஆகிய மூன்று ஒலிம்பிக் போட்டிகளிலும் இந்தியா தங்கம் வென்றதில் அவர் பங்கு பெரிது. 1956-இல் பத்மபூஷண் விருது பெற்றார். ஆயினும் புகழ் வீட்டுக்கு அரிசி வாங்கித் தரவில்லை. 1979-இல் தில்லி மருத்துவமனையில் அவர் காலமானபோது அவரிடம் செல்வம் இல்லை.

இங்கே நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. உலகமே வியந்த அந்த ஆட்டக்காரர், தம் பிள்ளைகள் ஹாக்கியைப் பின்பற்றுவதை விரும்பவில்லை என்பதை அவர் மகன் அசோக் குமாரே கூறியிருக்கிறார். விளையாட்டால் தாம் அடைந்தது எது, அடையாதது எது என்பதை அத்தந்தை நன்கு அறிவார். ஆயினும் மகன் மட்டையை எடுத்தார். 1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் பாகிஸ்தானுக்கு எதிராக இந்தியா இரண்டுக்கு ஒன்று என வென்றது. வெற்றியைத் தந்த கோலை அடித்தவர் அந்த அசோக் குமார். தந்தை தவறாகக் கணித்தார் என்று சொல்லிவிடலாகாது. மகனுக்கு இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் வேலை இருந்தது. தந்தையின் இளமைக் காலத்தில் திறவாதிருந்த ஒரு கதவு, மகன் காலத்தில் திறந்திருந்தது.

அக்கதவின் வரலாறு தனியே சொல்லத்தக்கது. இரயில்வேயின் விளையாட்டு அமைப்பு 1928-இல் ஏற்பட்டது. நன்றாக ஓடுபவர்க்கும் பந்தாடுபவர்க்கும் இரயில்வே நாளடைவில் பெரும் புகலிடமாயிற்று. படைகளும் அரசு நிறுவனங்களும் அவ்வழியே சென்றன. விடுதலைக்குப் பின் 1961-இல் பாட்டியாலாவில் தேசிய விளையாட்டு நிறுவனம் தொடங்கப்பட்டுப் பயிற்சியாளர்களை உருவாக்கலாயிற்று. மைய அரசு 1980-இல் வெளியிட்ட ஆணையொன்று, சிறந்த விளையாட்டு வீரர்களைக் கீழ்நிலைப் பணியிடங்கள் சிலவற்றில் நேரடியாக அமர்த்த வகை செய்தது. அரசுக் காகிதங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்ட நமக்கு, இத்தகைய ஆணைகளின் வறண்ட நடை பழக்கமானது. ஆனால் அந்த ஆணையில் ஒரு நுட்பம் உண்டு. பதவிக்குரிய கல்வித் தகுதியை அது தள்ளுபடி செய்யவில்லை. படிப்பும் வேண்டும், ஆட்டமும் வேண்டும் என்றது. பழமொழி பிரித்து வைத்த இரண்டையும் ஓர் அரசாணை ஒன்றாக முடிந்து வைத்தது எனலாம்.

பெற்றோரே ஆசானாக நின்ற வீடுகளும் உண்டு. நாகபுரி வட்டாரத்தில் டென்னிஸ் ஆட்டக்காரராகப் பெயர் பெற்றிருந்தவர் டி.கே. இராமநாதன் என்னும் தமிழர். அவர் தம் மகன் கிருஷ்ணனுக்குத் தாமே பயிற்சி அளித்தார். 1954-இல் விம்பிள்டன் இளைஞர் பட்டத்தை வென்ற முதல் ஆசியர் என்ற பெருமை அம்மகனுக்குக் கிட்டியது. 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதி வரை அவர் முன்னேறினார். அவருடைய மகன் இரமேஷ் 1979-இல் அதே இளைஞர் பட்டத்தை வென்றார். மூன்று தலைமுறையாக ஓர் ஆட்டம் குலத்தொழில்போல் கைமாறியது. எனினும் டென்னிஸ் மட்டையும் பந்தும் ஆடுகளமும் பணம் கேட்பவை. அவ்விளையாட்டைத் தேரும் சுதந்திரம் எல்லா வீட்டுக்கும் இருந்ததில்லை.

மகள் என்று வரும்போது கணக்கு இன்னும் சிக்கலாகிறது. அங்கே படிப்பைப் பற்றிய கவலையோடு திருமணத்தைப் பற்றிய கவலையும் சேர்ந்துகொள்கிறது. மணிப்பூரில் உழவர் ஒருவரின் மகளான மேரி கோம், தாம் குத்துச்சண்டை பயில்வதைத் தந்தையிடமிருந்து மறைத்து வைத்திருந்தார். 2000-ஆம் ஆண்டு மாநிலப் போட்டியில் வென்று செய்தித்தாளில் படம் வந்த பின்னரே தந்தைக்கு உண்மை தெரிந்தது. முகம் சிதைந்தால் யார் மணப்பார் என்று அவர் அஞ்சினார். அரியானாவின் பலாலி கிராமத்திலோ நிலைமை நேர்மாறு. மகாவீர் சிங் போகட் என்னும் மல்லர் ஊராரின் ஏச்சுக்கு அஞ்சாமல் தம் பெண்களை மல்யுத்தக் களத்தில் இறக்கினார். 2010-இல் தில்லியில் நடந்த காமன்வெல்த் போட்டியில் அவர் மகள் கீதா தங்கம் வென்றார். முதல் வீட்டில் மகள் முந்தினாள், தந்தை பின்தொடர்ந்தார். இரண்டாம் வீட்டில் தந்தை முந்தினார், மகள் பின்தொடர்ந்தாள். இரண்டிலும் நன்மையே விளைந்தது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. பிள்ளையின் ஆசைக்குப் பெற்றோர் இணங்குவது ஒன்று, பெற்றோரின் ஆசையைப் பிள்ளை சுமப்பது மற்றொன்று.

இந்த வேறுபாடு இன்று நமக்கு மிக நெருங்கிய செய்தியாகிவிட்டது. விசுவநாதன் ஆனந்துக்குச் சதுரங்கம் கற்பித்தவர் அவர் தாயார். 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆன அவரைக் கண்டு, நூலும் பலகையும் ஒன்றோடொன்று பகையல்ல என்று தமிழ்க் குடும்பங்கள் உணர்ந்தன. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் பதினெட்டு வயதில் உலகப் பட்டம் வென்ற குகேஷின் வீட்டிலோ, மருத்துவரான தந்தை தம் தொழிலை நிறுத்திவைத்து மகனுடன் ஊர் ஊராகச் சென்றார். தாயின் வருவாய் குடும்பத்தைத் தாங்கியது. பிள்ளையின் பள்ளிப் படிப்பே ஆட்டத்துக்காக ஒதுங்கி நின்றது. பழமொழி தலைகீழானது. ஆனால் வென்ற வீட்டை நாம் செய்தித்தாளில் காண்கிறோம். அதே துணிவோடு புறப்பட்டு வெல்லாமல் திரும்பிய வீடுகளைக் காண்பதில்லை. முன்னாளில் 'ஆடாதே' என்று பிள்ளையை அழவைத்தோம். இந்நாளில் விடியற்காலையில் எழுப்பி, 'ஆடியே தீரவேண்டும்' என்று அழவைக்கிறோமோ என்று ஒவ்வொரு வீட்டிலும் எண்ணிப் பார்த்தல் நலம்.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதில் மற்றுமொரு பொறுப்பும் உண்டு. வேலை மாற்றத்தால் புதிய ஊரில் வந்திறங்கும் குடும்பத்தில், அவ்வூர் மொழியை முதலில் கற்பவன் சிறுவனே. அவனுக்கு அதைக் கற்பிக்கும் பள்ளி பெரும்பாலும் தெருவே. நம் சடுகுடுவை ஆந்திரத்தில் செடுகுடு என்பர், மராட்டியத்தில் ஹுதுது என்பர், வங்காளத்தில் ஹாடுடு என்பர், வடக்கே கபடி என்பர். பெயர் மாறினும் மூச்சை அடக்கிக் கோட்டைத் தாண்டும் துணிவு மாறவில்லை. ஊர்ப் பிள்ளைகளோடு அப்படி ஒரு மாலை ஆடிய சிறுவன், மறுநாள் அவ்வூரில் அயலான் அல்லன். ஆகவே எந்த விளையாட்டு பதக்கம் தரும், எது பணி தரும் என்று எண்ணும் பெற்றோர், எது தோழமை தரும் என்பதையும் அக்கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பதக்கம் ஆயிரத்தில் ஒருவர்க்கே கிடைக்கும். தோழமை, களத்தில் இறங்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கும்.

தியான் சந்த் பிறந்த ஆகஸ்டு 29-ஆம் நாளைத் தேசிய விளையாட்டு நாளாக நாம் கொண்டாடுகிறோம். அன்று பள்ளிகளில் கொடியேறும், பந்தயங்கள் நடக்கும், பரிசுகள் வழங்கப்படும். அந்நாளில் அவர் அடித்த கோல்களை நினைப்பதோடு, தம் மகன் கையில் மட்டையைக் கொடுக்கத் தயங்கிய அந்தத் தந்தையின் உள்ளத்தையும் நினைப்போமாக. அத்தயக்கத்துக்குக் காரணமான வறுமையை மாற்றுவது நாட்டின் கடமை. விரும்பிய ஆட்டத்தை ஆடிவிட்டு, தோற்றாலும் அச்சமின்றி வீடு திரும்பலாம் என்ற உறுதியைப் பிள்ளைக்கு அளிப்பது நம் கடமை.