ஒரு தாங்கலும் ஒரு கவுலும்

தொண்டை மண்டலத்து ஊர்ப்பெயர்களில் 'தாங்கல்' என்னும் ஈறு அடிக்கடி தென்படும். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்று சென்னைக்குள்ளேயே பல உண்டு. சரிவில் வழிந்தோடும் மழைநீரைச் சிறுகரை ஒன்றால் தாங்கி நிறுத்திய நீர்நிலைதான் தாங்கல். பெயர் நிலைத்து நீர் மறைந்துபோன தாங்கல்களே இன்று மிகுதி. நீரும் பெயரும் ஒருங்கே எஞ்சியிருக்கும் சிலவற்றுள் ஒன்று மதுராந்தகத்தை அடுத்துள்ள வேடந்தாங்கல். ஏறத்தாழ முப்பது ஹெக்டேர் பரப்பே கொண்ட இந்தச் சிற்றேரி இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பிழைத்திருப்பது எப்படி என்ற கேள்வி, ஏரிகளைக் காப்பது பற்றி நாம் வழக்கமாகப் பேசும் பலவற்றையும் மறுபரிசீலனை செய்ய வைக்கிறது.

மதுராந்தகம் என்றவுடன் நினைவுக்கு வருவது 'ஏரி காத்த ராமர்' கதை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கும்பினியாரின் ஜாகீராக இருந்த இப்பகுதிக்குக் கலெக்டராக இருந்தவர் லயனல் பிளேஸ். பெருமழையில் ஏரிக்கரை உடையுமோ என்று அஞ்சி இரவில் போய்ப் பார்த்தபோது, வில்லேந்திய இரு இளைஞர்கள் கரையில் காவல் நிற்கக் கண்டார் என்றும், கரை உடையவில்லை என்றும், அதன்பின் தாயார் சன்னிதியைக் கட்டுவித்தார் என்றும் மக்கள் சொல்வார்கள். அழகான கதைதான். ஆனால் அதே கலெக்டரின் பெயரோடு இணைந்த இன்னொரு செய்தியை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. 1798 வாக்கில் வேடந்தாங்கல் ஊராருக்கு அவர் ஒரு கவுல் எழுதிக் கொடுத்தார். ஏரியில் வந்து தங்கும் பறவைகளை யாரும் கொல்லாதபடி காக்க ஊராருக்குள்ள உரிமையை அது ஏற்றுக்கொண்டது. வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சிலர் நாரைகளைச் சுட்டதாகவும், ஊரார் திரண்டுபோய் முறையிட்டதாகவும் செவிவழிச் செய்தி உண்டு. மதுராந்தகத்தில் ராமர் ஏரியைக் காத்தார். வேடந்தாங்கலில் அந்தப் பொறுப்பை ஊராரே ஏற்றுக்கொண்டார்கள், கையில் ஒரு காகிதத்தோடு.

ஊரார் நாரைகளுக்காக ஏன் வழக்காட வேண்டும்? ஜீவகாருண்யம் என்று சொல்லிவிடலாம். அதில் ஓரளவு உண்மையும் இருக்கக்கூடும். ஆனால் ஊரார் எப்போதும் வெளிப்படையாகச் சொல்லிவந்த காரணம் வேறு. வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிறையும். நீருக்குள் பாதி அமிழ்ந்து நிற்கும் நீர்க்கடம்ப மரங்களில் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் கரண்டிவாயனும் வக்காவும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும் ஆயிரக்கணக்கில் வந்து கூடு கட்டும். மரத்தைச் சுற்றி நிற்கும் நீரே கூட்டுக்கு அரண். பறவைகள் சுற்றுவட்டாரத்து ஏரிகளிலும் வயல்களிலும் மேய்ந்துவிட்டு வந்து எச்சமிடும். எச்சம் கலந்த நீர் மடை வழியே வயலுக்குப் பாயும். வேறு உரம் வேண்டாத அளவுக்கு நெல் செழிக்கும். பல ஏரிகளின் மீனையும் நத்தையையும் தின்று, அவற்றின் சத்தை ஒரே ஏரியில் கொண்டுவந்து சேர்க்கும் கூலியில்லா வேலையாட்கள் இந்தப் பறவைகள் என்று கொண்டால் ஊராரின் கணக்கு விளங்கும்.

இங்கே சற்று நின்று யோசிக்க வேண்டிய ஒன்று உண்டு. பறவை எச்சத்தில் இருப்பவை தழைச்சத்தும் மணிச்சத்தும். நகரத்துச் சாக்கடை ஓர் ஏரியில் கொண்டுவந்து கொட்டுவதிலும் இவையே முதன்மையானவை. ஒரே பொருள் ஓரிடத்தில் வரமாகவும் இன்னோரிடத்தில் நஞ்சாகவும் ஆவதற்கு அளவு ஒரு காரணம், ஓட்டம் இன்னொரு காரணம். வேடந்தாங்கலில் நீர் தங்குகிறது, பின் மடை வழியே வெளியேறுகிறது, வெளியே காத்திருக்கும் பயிர் அந்தச் சத்தை உண்டு தீர்க்கிறது. ஆயக்கட்டு அழிந்து, வயல்கள் மனைகளாகி, மதகு அடைபட்டுப் போன நகரத்து ஏரியில் வந்த சத்துக்குப் போக்கிடம் இல்லை. பாசி அதை உண்கிறது, ஆகாயத்தாமரை அதை உண்கிறது. பின் அவை அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு தீர்ந்து மீன் செத்து மிதக்கிறது. ஏரியின் ஆரோக்கியம் கரைக்குள் மட்டும் இருப்பதன்று. வரத்துக்காலில் தொடங்கி, கலிங்கிலும் மடையிலும் புகுந்து, வயலில் முடியும் ஒரு சுற்றின் நடுவே இருப்பது ஏரி. சுற்றின் ஒரு கண்ணி அறுந்தாலும் நடுவிலிருப்பது நோயுறும்.

வேடந்தாங்கலுக்கு வடமேற்கே உத்தரமேரூர் இருக்கிறது. முதலாம் பராந்தக சோழனின் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் அங்கே பொறிக்கப்பட்ட கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காக நாம் பெருமையோடு நினைவுகூர்கிறோம். அந்தத் தேர்தல் எதற்காக என்பதை அவ்வளவாக நினைப்பதில்லை. முப்பது குடும்புகளிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் பன்னிருவர் சம்வத்சர வாரியம், பன்னிருவர் தோட்ட வாரியம், அறுவர் ஏரி வாரியம். ஏரிக்கென்றே ஆறு பேர், 360 நாள் பொறுப்பு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் போட்டியிட முடியாது. அண்மை மூன்றாண்டுகளுக்குள் வாரியம் செய்தவருக்கும் இடமில்லை. ஏரியைக் காக்கும் பொறுப்பு அன்று நல்லெண்ணத்திடம் விடப்படவில்லை, கணக்கிடமும் காலவரையறையிடமும் ஒப்படைக்கப்பட்டது என்பதுதான் இக்கல்வெட்டுகள் நமக்குச் சொல்வது.

பெருமையோடு சேர்த்துச் சொல்லவேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்தச் சபை பிராமணர்களின் சபை. கால்வேலிக்கு மேல் இறைநிலமும் சொந்த மனையில் வீடும் வேதப் பயிற்சியும் உடைய ஆண்களே வாரியத்துக்கு உரியவர்கள். சேற்றைச் சுமந்தவர்களுக்கு அங்கே ஓலை எழுதப்படவில்லை. பிற்காலத்திலும் பல ஊர்களில் மடை திறந்து ஒவ்வொரு வயலுக்கும் முறைநீர் பாய்ச்சிய நீர்க்கட்டி பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவராகவே இருந்தார். ஆயக்கட்டில் அவருக்கு நிலமில்லாததால் பட்சபாதம் காட்டமாட்டார் என்று இதற்கு நியாயம் சொல்வார்கள். நிலமில்லாமல் வைத்திருந்ததையே தகுதியாக்கிய விந்தை அது. ஊர் கூடி ஏரியைக் காத்த பொற்காலம் ஒன்றைக் கற்பனை செய்யும்போது, அந்த 'ஊர்' என்ற சொல்லுக்குள் சேரி அடங்கியிருந்ததா என்று கேட்டுக்கொள்வது நல்லது. தென்மாவட்டக் கண்மாய்களை ஆராய்ந்து 'நீரின் ஆட்சி' என்னும் பொருள்படும் தலைப்பில் 2003-ல் ஆங்கில நூல் எழுதிய மானுடவியலாளர் டேவிட் மோஸ், நீர்மேலாண்மை என்பது எப்போதும் அதிகாரத்தின் ஏற்பாடாகவும் இருந்தது என்பதை விரிவாகவே காட்டியிருக்கிறார்.

'குடிமராமத்து' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். தொன்மையான தமிழ் மரபு என்று மேடைகளில் முழங்கப்படும் இச்சொல்லின் பின்பாதி அரபியிலிருந்து வந்தது. வருவாய்த்துறைக் கச்சேரியில் புழங்கிய சொல் அது. ஊரார் ஏரிவேலை செய்த வழக்கம் பழையது, ஆனால் அந்தப் பெயரில் அதை அரசாங்கம் கடமையாக வரையறுத்தது கும்பினி காலத்தில். 1767 முதல் 1774 வரை செங்கற்பட்டு ஜாகீரின் ஊர்களை அளந்த தாமஸ் பர்னார்டின் பதிவுகளில், விளைச்சலிலிருந்து ஊர்ப்பணிகளுக்கென ஒதுக்கப்பட்ட பங்குகள் காணப்படுகின்றன. ஏரிப்பணிக்கான பங்கும் அவற்றுள் உண்டு. களத்தில் நெல் அளக்கும்போதே ஏரிக்கு உரியது தனியே எடுக்கப்பட்டுவிடும். பின்வந்த நிலவரி ஏற்பாடுகளில் வரி தனித்தனி விவசாயியிடமிருந்து நேரே சர்க்காருக்குப் போயிற்று. ஏரி புறம்போக்காயிற்று, பொதுப்பங்கு நலிந்தது, உழைக்கும் கடமை மட்டும் ஊராரிடம் எஞ்சியது. வருமானம் போன பின் கடமையை யார் செய்வார்கள்? செய்யவில்லை. அதனால்தான் 1858-ல் சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. கரை உடையும் அபாயத்தில் ஆட்களை வலிந்து அழைக்கவும், வழக்கமான மராமத்துக்கு வராதவரிடம் பணம் வசூலிக்கவும் அச்சட்டம் இடமளித்தது. அது பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. தாது வருடப் பஞ்சம் என்று நம் முன்னோர் சொன்ன 1876-78 பஞ்சத்துக்குப் பின், 1883-ல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்றை அரசாங்கமே தொடங்க வேண்டியதாயிற்று.

அதே 1858-ல்தான் வேடந்தாங்கலில் ஊராரின் பழைய உரிமையைச் செங்கற்பட்டுக் கலெக்டர் மீண்டும் ஆணையாக உறுதி செய்தார். ஒரே மாகாணம், ஒரே ஆண்டு, இரண்டு காகிதங்கள். ஒன்று உரிமை தராமல் உழைப்பைக் கேட்டது. மற்றது உரிமையைத் தந்து, உழைப்பை ஊராரின் விருப்பத்துக்கே விட்டது. எது நிலைத்தது என்பதை ஏரியே சொல்கிறது. 1936-ல் அது சரணாலயமாக அங்கீகாரம் பெற்றது. 1998-ல் ஏரியைச் சுற்றி ஐந்து கிலோமீட்டர் வரை சரணாலய எல்லை விரிந்தது. 2022-ல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. இவ்வளவுக்கும் முன்பே அங்கே ஊரார் வேட்டையாடவில்லை, தீபாவளிக்கு வெடி வெடிக்கவில்லை. இது வேடந்தாங்கலுக்கு மட்டும் உரிய அதிசயமும் அன்று. நெல்லைச் சீமையின் கூந்தன்குளத்தாரும், சிவகங்கைப் பக்கத்துக் கொள்ளுக்குடிப்பட்டியாரும் தம் கண்மாய்ப் பறவைகளுக்காக இதே ஒழுக்கத்தைக் கைக்கொண்டவர்கள்தான்.

ஆனால் இந்த ஏற்பாட்டின் அடித்தளம் இன்று ஆட்டம் கண்டிருக்கிறது என்பதையும் மறைக்கக்கூடாது. உரமூட்டை கடையில் கிடைக்கும்போது நாரையின் எச்சத்துக்கு மதிப்புக் குறையும். கோடையில் ஏரியின் வண்டலை வண்டிகட்டி அள்ளிப்போய் வயலில் கொட்டிய வழக்கமும் இப்படித்தான் தளர்ந்தது. ஏரி தூர்ந்துபோவதற்கு உரக்கடையும் ஒரு காரணம் என்றால் மிகையாகாது. இன்னொன்று, அந்த முப்பது ஹெக்டேரை மட்டும் வேலியிட்டுக் காத்துப் பயனில்லை. பறவை அங்கே உறங்குகிறது, உண்பது சுற்றியுள்ள ஏரிகளிலும் கழனிகளிலும். 2020-ல் வெளிவட்டத்து இரண்டு கிலோமீட்டரைச் சரணாலயத்திலிருந்து விலக்கும் யோசனை எழுந்தபோது அத்தனை எதிர்ப்புக் கிளம்பியதற்குக் காரணம் இதுவே.

தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் இருப்பதாகக் கணக்கு. 2007-ல் ஆக்கிரமிப்பை அகற்றச் சட்டம் வந்தது. 2017-ல் குடிமராமத்து என்ற பழைய பெயரிலேயே 100 கோடி ரூபாயில் திட்டம் தொடங்கப்பட்டது. இயந்திரங்கள் வந்தன, மண் அள்ளப்பட்டது. நல்லதே. ஆனால் மண்ணை அள்ளிய மறுநாள் அந்த ஏரி யாருடையது என்ற கேள்வி அப்படியே இருக்கிறது. மீன்பாசி ஏலத்தொகை யார் கணக்கில் சேர்கிறது, அதில் ஏரிக்குத் திரும்புவது எவ்வளவு, வரத்துக்காலில் வீடு கட்டியவரைக் கேட்கும் அதிகாரம் ஊரில் யாருக்கு, அந்தக் கூட்டத்தில் நீர்க்கட்டியின் பேத்திக்கு நாற்காலி உண்டா என்பவையே மராமத்துக்கு முன்னே தீர்க்கவேண்டிய வினாக்கள்.

நகரவாசிக்கு இது இன்னும் கடினம். சென்னையின் நெடிய ஏரி ஒன்றைத் தூர்த்து 1920-களில் தியாகராய நகர் எழுந்தது. இன்று அதன் அடையாளமாக எஞ்சியிருப்பவை ஏரிக்கரைச் சாலை போன்ற தெருப்பெயர்களே. ஏரியிலிருந்து எதையும் பெறாதவர்களிடம் அதைக் காக்கச் சொல்வது 1858-ன் சட்டம் போன்றதுதான். அவர்களுக்கும் ஏரியோடு ஒரு கொடுக்கல் வாங்கல் வேண்டும். நிலத்தடி நீர் ஏறுவது, வெள்ளம் வீட்டுக்குள் வராமலிருப்பது ஆகியவை உண்மையான வரவுகள். 2015 டிசம்பரில் சென்னை இதைக் கழுத்தளவு நீரில் நின்று கற்றது. அந்த வரவைக் கணக்கில் எழுதிக் காட்டும் ஒரு வாரியம் இன்னும் அமையவில்லை.

ஏரியைக் காக்க ராமர் வருவார் என்று கலெக்டர்கூட நம்பியிருக்கலாம். அதே மனிதர், காக்கத் தயாராக நின்ற ஊராரைக் கண்டபோது ஒரு கவுலை எழுதிக் கையில் கொடுத்தார். அதிசயத்துக்குக் கோயில் இருக்கிறது. கவுலுக்கு இருப்பது ஒரு தாங்கல் நீரும், ஐப்பசி தொடங்கி அதில் வந்திறங்கும் பறவைகளும்தான்.