ழகரத்தின் வரலாறு: பிறர் செவியில் ஒரு தமிழெழுத்து

முன்னுரை

தமிழ் நெடுங்கணக்கின் பதினெட்டு மெய்களுள் ழகரம் பதினைந்தாவதாக நிற்கிறது. 'சிறப்பு ழகரம்' என்று அடைகொடுத்து அதனை வழங்குகிறோம். இவ்வொலி தமிழுக்கு மட்டுமே உரியது, பிற எம்மொழியிலும் காணப்படாதது என்னும் கருத்து மேடைகளிலும் இதழ்களிலும் அடிக்கடி எடுத்துரைக்கப்படுகிறது. மொழி வரலாறு இக்கருத்துக்கு இடந்தரவில்லை. மலையாளம் இவ்வொலியையும் அதற்குரிய எழுத்தையும் இன்றளவும் போற்றி வருகிறது. கன்னடமும் தெலுங்கும் ஒரு காலத்தில் இவ்வொலிக்குத் தனியெழுத்து வைத்திருந்து, பின்னர் ஒலியையும் எழுத்தையும் ஒருங்கே இழந்தன. எனவே, ழகரத்தின் வரலாற்றைத் தனியுரிமையின் வரலாறாகக் காண்பதினும், இழப்பின் வரலாறாகவும் காப்பின் வரலாறாகவும் காண்பதே பொருந்தும். இலக்கணநூல், கல்வெட்டு, அயலார் எழுதிவைத்த பெயர்கள், அண்டை மொழிகளின் சொற்கள் ஆகியவற்றைச் சான்றாகக் கொண்டு அவ்வரலாற்றை இக்கட்டுரையில் நாம் ஆராய முற்படுகிறோம்.

இலக்கண நூலார் கண்ட ழகரம்

தொல்காப்பியம் ழகரத்தை ய, ர, ல, வ, ள என்பவற்றோடு சேர்த்து இடையினத்துள் வைக்கிறது. இவ்வகைப்பாட்டைக் காட்டிலும் பிறப்பியலில் அந்நூல் கூறும் செய்தி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. நாவின் நுனி மேல்நோக்கி எழுந்து அண்ணத்தை வருட ரகரமும் ழகரமும் பிறக்கும் என்பது அந்நூலின் கருத்து. லகர ளகரங்களையோ, நாவின் விளிம்பு தடித்துப் பிறப்பவையாக அந்நூல் வேறாக வைக்கிறது. நன்னூலாரும் ரகர ழகரங்களை ஒரே முயற்சியில் பிறப்பனவாகவே கூறுகிறார். இன்று நாம் ல, ள, ழ என மூன்றனையும் ஓரினமாக எண்ணிப் பழகிவிட்டோம். இலக்கண நூலார் செவியிலோ ழகரத்தின் உடன்பிறப்பு ரகரமே ஆகும்.

பிறப்பில் மட்டுமன்றிச் சொல்லமைப்பிலும் இவ்விரு மெய்களும் ஒத்து நடக்கின்றன. பிற மெய்களைப்போல் ரகரமும் ழகரமும் தம்முன் தாம் இரட்டித்து வருவதில்லை. பல், கள், மண் என்றாற்போலத் தனிக்குறிலை அடுத்து ஒற்றாக நிற்பதும் இவற்றுக்கு இல்லை. 'யாழ்' என நெடிலின் பின்னும், 'தமிழ்' என இருகுறிலின் பின்னும் வரும் ழகரம் ஒரு குறிலின் பின் அவ்வாறு நின்று சொல்லை முடிப்பதில்லை. யகரத்தோடு சேர்ந்து இவை இரண்டுமே ஈரொற்று மயக்கத்திற்கும் இடந்தருகின்றன. வாழ்க்கை, வாழ்த்து, வார்ப்பு, பார்த்தான் ஆகிய சொற்கள் அதற்குச் சான்றாகும். இவ்விதிகள், ழகரத்தை ரகரத்தோடு இணைத்த பண்டைய பகுப்பு, மொழியின் உள்ளமைப்பை நுணுகிக் கண்டு வகுக்கப்பட்டது என்பதை உணர்த்துகின்றன.

கல்வெட்டில் ழகரம்

வடபுலப் பிராமி எழுத்தைத் தமிழுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டபோது, ழ, ள, ற, ன ஆகிய நான்கு ஒலிகளுக்கும் உரிய வடிவங்கள் கூடுதலாக வகுக்கப்பட்டன. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளை விரிவாக ஆராய்ந்து 2003ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்ட ஐராவதம் மகாதேவன் இதனைத் தெளிவுபடுத்தியுள்ளார். மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளத்துக் குகைக் கல்வெட்டுகள் மிகப் பழையனவற்றுள் அடங்கும். அவற்றை அவர் கி.மு. 2ஆம் நூற்றாண்டினவாகக் கணித்தார். அங்கே 'நெடுஞ்சழியன்' என்னும் பாண்டியன் பெயரிலும், அவனைச் சார்ந்த ஒருவனைக் குறிக்கும் 'வழுத்தி' என்னும் பெயரிலும் ழகரம் தெளிவுறப் பொறிக்கப்பட்டுள்ளது. தமிழ் கல்லில் எழுதப்பெற்ற தொடக்க நாளிலேயே ழகரம் தனக்கென ஒரு வடிவம் பெற்றிருந்தது. பிறிதோர் எழுத்தைக் கொண்டு அதனை ஈடுசெய்ய இயலாது என அன்றைய எழுத்தறிவாளர் உணர்ந்திருந்தமைக்கு இதுவே சான்றாகும்.

பிறர் செவியில் ழகரம்

ஓர் ஒலியின் பழைய இயல்பை அறிய, அவ்வொலியைத் தம் மொழியில் பெறாதவர்கள் அதனை எவ்வாறு எழுதிக்கொண்டனர் என்று காண்பது பயனுடைய வழியாகும். ழகரத்தைப் பொறுத்தவரை இத்தகைய சான்றுகள் நிறையக் கிடைக்கின்றன. அவை ஒன்றோடொன்று முரண்படுவதே அவற்றின் சிறப்பு.

கி.மு. 3ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அசோகரின் பாறைக் கல்வெட்டுகள் சோழரைச் 'சோட' என்று குறிக்கின்றன. இங்கே ழகரம் டகரமாகியுள்ளது. இலங்கையில் அநுராதபுரம் முதலிய இடங்களில் கிடைத்த பிராமிக் கல்வெட்டுகள் தமிழரைத் 'தமேட' என்கின்றன. அங்கும் டகரமே காணப்படுகிறது. ஆனால், அதே தமிழரைக் கலிங்கத்துக் காரவேலனின் ஹாத்திகும்பா கல்வெட்டு குறிக்குமிடத்தில் ரகரம் அமைந்து 'த்ரமிர' என வாசிக்கப்பட்டுள்ளது. கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாலமி சோழநாட்டுப் பெயரைச் 'சோரா' என்று எழுதினார். பியூட்டிங்கர் நிலப்படத்தில் காணப்படும் 'தமிரிகே' என்பது தமிழகத்தையே குறிக்கும் என அறிஞர் கருதுவர். பாலி மொழியில் 'தமிள' எனவும் சிங்களத்தில் 'தெமள' எனவும் ளகரம் வந்தது. வடமொழியில் 'திராவிட' என்னும் டகர வடிவம் நிலைபெற்றது.

பிற்காலத்திலும் இம்மயக்கம் தொடர்ந்தது. சோழர் தூது 1015ஆம் ஆண்டில் சீனத்தை அடைந்த செய்தியைச் சோங் அரசமரபின் ஏடுகள் பதிவு செய்துள்ளன. அவை சோழநாட்டுக்குத் தரும் பெயர் இன்றைய ஒலிப்பில் 'சூ-நியன்' ஆகும். இடைக்காலச் சீன ஒலிப்பில் அதன் ஈற்றசை லகரத்தில் தொடங்கியது. சோழமண்டலம் ஐரோப்பியர் வாயில் 'கோரமண்டல்' ஆயிற்று. 1554இல் லிஸ்பனில் அச்சான கிறித்துவ மறைக்கல்வி நூல் தன் தலைப்பில் தமிழைத் 'தமுல்' என்றது. பழவேற்காடு 'புலிகாட்' ஆனதும், கோழிக்கோடு 'காலிகட்' ஆனதும் யாவரும் அறிந்தவை.

ஒரே எழுத்து ட, ர, ள, ல என நான்கு வகையாகக் கேட்கப்பட்டது ஏன்? கேட்டவர்களின் பிழையென்று இதனைத் தள்ளிவிட இயலாது. நாவை மேல்நோக்கி வளைப்பதால் ழகரம் டகரத்தையும் ளகரத்தையும் ஒத்திருக்கிறது. நா அண்ணத்தில் முற்றாக ஒட்டாமல் நெகிழ்ந்து வருடிச் செல்வதால் ரகரத்தை ஒத்திருக்கிறது. இவற்றுள் எதனோடும் முற்றும் ஒன்றாமல் இடையே நிற்பதே அதன் இயல்பு. அயலார் ஒவ்வொருவரும் தத்தம் மொழியிலிருந்த அண்மையொலியைக் கொண்டு அதனை எழுதிக்கொண்டனர். அவர்களுள் சிலர் ரகரத்தைத் தேர்ந்தது, தொல்காப்பியர் பகுப்புக்குப் புறத்தேயிருந்து கிடைக்கும் சான்று எனலாம்.

இவ்வுறவு மறுதிசையிலும் இயங்கியது. வடசொற்களைத் தமிழ் ஏற்றபோது, 'நாடிகா' என்பது நாழிகையாகவும், 'கருட' என்பது கலுழனாகவும் மாறின. அமிர்தம் 'அமிழ்தம்' ஆயிற்று என்பர். அதற்குத் தனித்தமிழ் வேர் காண்பாரும் உளர். பிறர் நம் ழகரத்தை டகரமாகவும் ரகரமாகவும் கேட்டதற்கு ஈடாக, நாமும் பிறருடைய டகரத்தையும் ரகரச் சாயலையும் ழகரமாக வாங்கிக்கொண்டோம் என்பது கருதத்தக்கது.

மலாய் மொழியில் ழகரத்தின் சுவடு

நாம் வாழும் இம்மண்ணின் மொழியிலும் இவ்வெழுத்து தன் சுவட்டைப் பதித்துள்ளது. மாங்கனியைக் குறிக்கும் 'மெம்பெலம்' என்னும் மலாய்ச் சொல் 'மாம்பழம்' என்பதிலிருந்து வந்தது. 'கெல்டாய்' என்பது 'கழுதை' என்பதன் திரிபாகும். மலாய் வரலாற்றிலக்கியமான செஜாரா மெலாயுவில் வரும் ராஜா சூலான் என்னும் அரசன் பெயரில் சோழன் பெயர் ஒலிப்பதை ஆய்வாளர் பலர் சுட்டியுள்ளனர். இம்மூன்றிலும் ழகரம் லகரமாகவே மாறியுள்ளது. மலாயில் வளைநா ஒலிகள் இல்லாமையால் இம்மாற்றம் இயல்பானதே. கடல்வழி வந்த தமிழரின் பேச்சில் ழகரம் முன்னமே ளகரமாகியிருந்தாலும் இதே விளைவே கிட்டியிருக்கும். ஆதலால் இச்சொற்களைக் கொண்டு அவர்தம் ஒலிப்பை முடிவுசெய்தல் பொருந்தாது.

அண்டை மொழிகளின் இழப்பு

திராவிட மொழிகளுள் ழகரத்தின் போக்கை ஒரே சொல்லைக்கொண்டு விளக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் 'கோழி' எனப்படுவது கன்னடத்தில் 'கோளி' என்றும் தெலுங்கில் 'கோடி' என்றும் வழங்குகிறது. 'ஏழு' என்னும் எண்ணுப்பெயர் கன்னடத்தில் 'ஏளு' என்றும் தெலுங்கில் 'ஏடு' என்றும் நிற்கிறது. கன்னடர் தம் பழைய மொழியை இன்று 'ஹளெகன்னட' என்கின்றனர்; அதன் முதற்சொல் நம் 'பழைய' என்பதன் இனச்சொல்லே.

தெலுங்கில் இம்மாற்றம் முன்னதாகவே நிகழ்ந்தது. ரேநாட்டுச் சோடர்களின் பழைய கல்வெட்டுகளில் காணப்படும் ழகர வடிவம் பின்னர் வழக்கொழிந்தது. கன்னடத்தின் வரலாறு நமக்கு மேலும் அறிவூட்டுவது. பழங்கன்னடக் கல்வெட்டுகளில் ழகரம் செவ்வனே ஆளப்பட்டது. கி.பி. 10ஆம் நூற்றாண்டை ஒட்டி அது ளகரத்தோடு மயங்கத் தொடங்கியது. 13ஆம் நூற்றாண்டில் கேசிராசர் இயற்றிய 'சப்தமணிதர்ப்பணம்' என்னும் இலக்கணம் ழகரத்தைத் தனித்தெடுத்து விளக்கி, அது பயிலும் சொற்களைத் திரட்டித் தருகிறது. எந்தச் சொல்லில் எந்த எழுத்து வரும் என்பதைச் செவியே உணர்த்தும் காலத்தில் அத்தகைய திரட்டுக்குத் தேவையில்லை. செவி கைவிட்ட பின்னரே கண்ணுக்குப் பட்டியல் தேவைப்படுகிறது. அப்பட்டியலாலும் கன்னட ழகரம் பிழைக்கவில்லை. காலப்போக்கில் எழுத்தும் நெடுங்கணக்கிலிருந்து நீங்கியது.

அவ்வெழுத்து எத்துணை மறக்கப்பட்டது என்பதற்குக் கணினியுகம் ஒரு சான்று தருகிறது. உலக மொழிகளின் எழுத்துகளுக்குக் குறியெண் வழங்கும் யூனிகோடு தரத்தில், கன்னட ழகரம் 'எஃப்ஏ' என்னும் தவறான பெயரோடு இடம்பெற்றுவிட்டது. ஒருமுறை சூட்டிய பெயரை மாற்றுவதில்லை என்பது அத்தரத்தின் விதியாதலால், அது பிழையென்னும் குறிப்பு மட்டுமே சேர்க்கப்பட்டுள்ளது. தெலுங்கு ழகரத்திற்கோ 2014ஆம் ஆண்டில்தான் குறியெண் கிடைத்தது.

இன்றைய தமிழில் ழகரம்

தமிழின் நிலையும் கவலைக்கு அப்பாற்பட்டதன்று. தென்மாவட்டப் பேச்சிலும் யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் ழகரம் பெரிதும் ளகரமாகிவிட்டது. சென்னையிலும் வடமாவட்டங்களிலும் 'வாழைப்பழம்' என்பது 'வாயப்பயம்' ஆவதுண்டு. வட ஆர்க்காடு, சேலம், திருச்சி, தஞ்சை முதலிய மாவட்டங்களிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்து குடியேறியோர் இவ்வட்டார ஒலிப்புகளையெல்லாம் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் உடன்கொணர்ந்தனர். பல வட்டாரத்தாரும் கலந்து வாழ்ந்த இங்கே, ழகரத்தின் சரியான ஒலிப்பு வீட்டைவிடப் பள்ளியையும் மேடையையும் வானொலியையுமே பெரிதும் சார்ந்திருக்கிறது.

உரோமன் எழுத்தில் பெயர் பதிவதும் இதனோடு தொடர்புடையது. எழில், கயல்விழி, அன்பழகன் போன்ற பெயர்களை ஒருசாரார் 'எல்' என்னும் எழுத்தாலும், மற்றொருசாரார் 'இசட்', 'எச்' என்னும் ஈரெழுத்துகளாலும் எழுதுகின்றனர். முன்னதைக் காணும் அயலார் லகரமாகவும், பின்னதைக் காண்போர் ஸகரமாகவும் படிக்கின்றனர். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழகராதி 'எல்' எழுத்தின்கீழ்க் கோடிட்டு எழுதும் முறையைக் கையாண்டது. ஆய்வுலகில் அது நிலைத்ததேயன்றி ஆவணங்களில் இடம்பெறவில்லை. அசோகர் காலத்து எழுத்தாளர் எதிர்கொண்ட அதே சிக்கலைப் பிறப்புச் சான்றிதழை நிரப்பும் பெற்றோர் இன்றும் எதிர்கொள்கின்றனர்.

இவ்வொலி மறைந்தால் இழப்பது ஓசை நயத்தை மட்டுமன்று. வழி, வளி, வலி. ஒழி, ஒளி, ஒலி. தழை, தளை, தலை என மும்மூன்றாய் நிற்கும் சொற்களின் பொருள் வேறுபாடு இவ்வொலிகளையே நம்பியுள்ளது. வாழை மரமாகும், வாளை மீனாகும். உழவு வயலில் நிகழ்வது. உளவு மறைவில் நிகழ்வது.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால், ழகரம் தமிழுக்கு மட்டுமே உரியது என்னும் கூற்று வரலாற்றுக்குப் பொருந்தாது என்பதும், அக்கூற்று இன்றியே அவ்வெழுத்துக்குப் போதிய பெருமை உண்டு என்பதும் புலனாகும். ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அதற்குத் தனி வடிவம் வகுத்ததும், அதன் பிறப்பைச் செவ்விதின் வரையறுத்ததும், அவ்வடிவத்தை இன்றளவும் விடாது எழுதிவருவதும் தமிழின் சிறப்பாகும்.

எனினும், எழுத்து நிலைத்திருப்பது ஒலி நிலைத்திருப்பதற்கு உறுதியாகாது. நம் பள்ளிப் பாடநூல்களில் 'மயங்கொலிச் சொற்கள்' என்னும் தலைப்பில் ல, ள, ழ சொற்பட்டியல்கள் தவறாது இடம்பெறுகின்றன. மாணவர் அவற்றை மனப்பாடம் செய்து எழுத்துத் தேர்வில் மதிப்பெண் பெறுகின்றனர். கேசிராசர் தொகுத்த பட்டியலும் இத்தன்மையதே என்பதை நாம் மறத்தலாகாது. பட்டியலைக் கற்பிக்கும் வகுப்பறையிலேயே வாய்விட்டுப் படித்தலுக்கும் உரத்துப் பேசுதலுக்கும் உரிய நேரம் ஒதுக்கப்படுமாயின், ழகரம் கண்ணுக்குரிய எழுத்தாக மட்டும் நின்றுவிடாமல் செவிக்குரிய ஒலியாகவும் அடுத்த தலைமுறையைச் சென்றடையும்.