சோம்பேறிச் சாம்பலின் சரித்திரம்

ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கத்து நிலக்கரியைக் கையில் எடுத்துப் பார்த்தால், மின்னும் கறுப்புக்கு நடுவே மங்கலான வரிகள் ஓடுவது தெரியும். அந்த வரிகள்தான் நம் கதாநாயகன். இருபத்தைந்து கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் சதுப்புக் காடு மடிந்து புதைந்தபோது, வெள்ளம் கொண்டுவந்து சேர்த்த களிமண்ணும் கூடவே அமுங்கிப்போனது. இந்தியக் கரியில் 100 கிலோவுக்கு 30 முதல் 45 கிலோ வரை இப்படி எரியாத சரக்குதான். கரிக்கென்று கொடுக்கிற ரயில் வாடகையிலும் கப்பல் கூலியிலும் மூன்றில் ஒரு பங்கு மண்ணைச் சுமக்கவே போகிறது.

பாராதீப் வரை ரயில், அங்கிருந்து எண்ணூர் காமராஜர் துறைமுகம் வரை கப்பல், பிறகு கன்வேயர் பெல்ட். வடசென்னை அனல்மின் நிலையத்தில் கரியை முகப்பவுடர் போல அரைத்து, காற்றோடு கலந்து கொதிகலனுக்குள் ஊதுகிறார்கள். உள்ளே சூடு 1,300 டிகிரியைத் தாண்டும். கரி சில நொடிகளில் எரிந்து தீர்கிறது. மண் எரியாது, உருகும். உருகிய துளி மிதந்தபடியே உருண்டையாகிறது. புகையோடு வெளியே வரும்போது சட்டென்று குளிர்ந்து கண்ணாடியாக உறைகிறது. தலைமுடியின் தடிமன்கூட இல்லாத கோலிக்குண்டு! நிதானமாகக் குளிர்ந்து படிகமாகியிருந்தால் அதுவும் மணலைப் போல எதோடும் ஒட்டாமல் கிடந்திருக்கும். அவசரமாக உறைந்ததால்தான் உள்ளே ஒரு தீராத தவிப்பு. அந்தத் தவிப்பு சுண்ணாம்புக்கானது.

புகைபோக்கிக்கு முன்னால் மின்னேற்றிய தகடுகள் சாம்பலைப் பிடித்துவிடுகின்றன. இங்கே பாதை பிரிகிறது. ஒரு பங்கு தண்ணீரில் கரைக்கப்பட்டு, குழாய் வழியே செப்பாக்கம் சாம்பல் குட்டைக்குப் போகிறது. அந்தக் குழாய்கள் ஒழுகி, கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் படிந்து, மீன்பாடு கெட்டதை எண்ணூர் மீனவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். சாம்பல் கலந்த சிமெண்டைப் ‘பசுமை’ என்று விற்பவர்கள் ஒருமுறை அந்தக் கரையில் கால் வைத்துப் பார்க்கலாம்.

இன்னொரு பங்கு உலர்ந்தபடியே பல்கர் லாரி ஏறி சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. நம் கோலிக்குண்டுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்த்தது என்று வைத்துக்கொள்வோம். பி.பி.சி. என்று மூட்டையில் அச்சிட்டிருக்கும் சிமெண்டில் 15 முதல் 35 சதவீதம் வரை இந்தச் சாம்பல் இருக்கலாம் என்கிறது இந்தியத் தர நிர்ணயம்.

மேஸ்திரிகளுக்கு பி.பி.சி. மீது ஒரு மனத்தாங்கல் உண்டு. மெதுவாகத்தான் வலுப்பெறும், சென்ட்ரிங் பிரிக்க நாளாகும், கூடுதல் நாள் தண்ணீர் ஊற்ற வேண்டும். புகார் நியாயமானதுதான், சாதா சிமெண்டுக்குக் குறைந்தது 7 நாள் நீராட்டு என்றால் இதற்கு 10 நாள். சிமெண்ட் தண்ணீரைக் கண்டதும் வேலையைத் தொடங்கிவிடும். இறுகும்போது சுண்ணாம்பைக் கழித்துப் போடும். சாம்பல் மணியோ அந்தச் சுண்ணாம்பு கையில் கிடைத்த பிறகுதான் அசையும். அதைத் தின்று, சிமெண்ட் செய்கிற அதே பசையைத் தானும் செய்யும். மாதக்கணக்கில், பல மணிகள் ஆண்டுக்கணக்கில். பாதி தின்ற நிலையில் ஈரம் வற்றிவிட்டால் அப்படியே உறங்கிப்போகும்.

பி.பி.சி. சிமெண்டில் கட்டிய எங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டியின் சுவரில் ஒருநாள் மயிரிழை போல ஒரு கீறல் விழுந்தது. வெளிப்பக்கம் ஈரம் கசிந்தது. உறங்கிய மணிகளுக்கு அதுதான் அழைப்பு. உள்ளே நுழைந்த நீர் மிச்சமிருந்த சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வர, மணிகள் மறுபடி தின்னத் தொடங்கின. பசை கீறலுக்குள் வளர்ந்தது. வெளிவாயில் சுண்ணாம்புநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளையாகப் பூத்தது. சில வாரங்களில் கசிவு நின்றது. மேஸ்திரி திட்டிய அதே சோம்பல்தான் இங்கே வைத்தியம்: முதல் மாதமே எல்லாச் சாம்பலும் சுறுசுறுப்பாக வேலையை முடித்திருந்தால் கீறலை அடைக்க யார் மிஞ்சியிருப்பார்கள்?

இது பொறியாளர்கள் அறியாத அதிசயமில்லை. தண்ணீர்த் தொட்டிகளுக்கான பழைய பிரிட்டிஷ் விதியே, கசிவுச் சோதனைக்கு முன் 0.1 மில்லிமீட்டர் கீறலுக்கு 7 நாள், 0.2 மில்லிமீட்டருக்கு 21 நாள் பொறுத்திருக்க அனுமதித்தது. அதைவிட அகலமானால் சாம்பலின் கைக்கு எட்டாது. அதற்காகத்தான் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் யோங்கர்ஸ், காரத்தில் உயிர் தாங்கும் பாக்டீரியா வித்துகளை இரையோடு சேர்த்துக் கான்கிரீட்டுக்குள் புதைத்தார். கீறலில் நீர் புகுந்ததும் அவை விழித்துச் சுண்ணாம்புக்கல்லைச் சுரக்கும். அழகான யோசனை, விலைதான் உதைக்கிறது. நம் சாம்பலோ ஏற்கெனவே மூட்டைக்குள் இருக்கிறது.

சாம்பலைக் கண்டபடி கூட்டவும் முடியாது. சுண்ணாம்பு முழுவதையும் அது தின்று தீர்த்தால் கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரம் குறையும். வாகனம் ஓட ஓட விரிந்து மூடும் பாலத்துக் கீறல் போன்றவையும் ஆறாது. புண் அசையாமல் இருக்க வேண்டும், ஈரமும் வேண்டும்.

போன பொங்கலுக்கு முன் தொட்டிக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். அழுக்கு என்று நினைத்து அந்த வெள்ளைக் கோட்டைச் சுரண்டித் தள்ளினார்கள். உள்ளே அடைத்தது அடைத்தபடியே இருந்தது, தொட்டி ஒழுகவில்லை.