முதல் சந்தேகம் தன் கையின்மேல்

(பட்டிமன்றத் தலைப்பு: சிறந்த விஞ்ஞானிக்குப் பெரிதும் வேண்டுவது கூர்மையான அறிவா? நேர்மையான நெஞ்சமா? – ‘நேர்மையான நெஞ்சமே’ அணியில் ஆற்றிய உரை)

நடுவர் அவர்களே! அறிவுக்காக வாதாடிக் களைத்து அமர்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் ஒரு போடு போட்டார். “விஞ்ஞானத்தில் நெஞ்சத்துக்கு என்னய்யா வேலை? நெஞ்சம் இருக்கிறவன் கவிதை எழுதப் போகட்டும்” என்றார். அவர் என்னைத்தான் சொல்கிறார். நான் தமிழ் வாத்தியார்! (சிரிப்பு)

அறிவே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை, நடுவர் அவர்களே. விஞ்ஞானம் நடக்கிற பாதை எது? ஒன்றைக் கவனிக்கணும். ‘ஏன் இப்படி?’ என்று கேட்கணும். இதனால் இருக்கலாம் என்று ஒரு காரணத்தை ஊகிக்கணும். அந்த ஊகத்தைச் சோதிச்சுப் பார்க்கணும். சோதனையில் தோற்றுவிட்டால் அதைத் தூக்கிப் போடணும். ஊகிக்கிற வரைக்கும் அறிவு போதுங்க. தூக்கிப் போடுகிற இடத்தில்தான் நெஞ்சம் வேண்டும். ஏனென்றால் அந்த ஊகம் நாம் பெற்ற பிள்ளை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு!

வீட்டில் சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது. அம்மா என்ன சொல்வாங்க? “கடைக்காரன் உப்பை மாத்திட்டான்” என்பாங்க. மருமகள் “அத்தை ஒரு தடவை போட்டுட்டாங்க” என்பாங்க. ‘என் கைதான் கூடிப்போச்சு’ என்ற காரணம் மட்டும் அந்தப் பட்டியலில் கடைசி வரைக்கும் வராது! (சிரிப்பு, கைதட்டல்) சாம்பாரில் இது சிரிப்பு. ஆஸ்பத்திரியில் இது உயிர். அப்படி ஒரு வரலாற்றைச் சொல்கிறேன். தாய்மார்கள் கொஞ்சம் கூர்ந்து கேட்க வேண்டும்.

ஆஸ்திரியாவின் தலைநகர் வியன்னா. அங்கே ஒரு பெரிய பொது மருத்துவமனை. 1846ஆம் ஆண்டு இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற 28 வயது டாக்டர் அங்கே பிரசவ வார்டில் உதவி மருத்துவராகச் சேர்கிறார். ஹங்கேரி நாட்டுக்காரர். அங்கே பிரசவ வார்டு இரண்டு. முதல் வார்டில் பிரசவம் பார்ப்பவர்கள் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும். இரண்டாவது வார்டில் பார்ப்பவர்கள் மருத்துவச்சிகள். ஒரு நாள் வருகிறவர்களுக்கு இந்த வார்டு, மறுநாள் வருகிறவர்களுக்கு அந்த வார்டு.

அந்த 1846ஆம் ஆண்டுக் கணக்கைக் கேளுங்க. டாக்டர்கள் வார்டில் 4,010 பிரசவம்; பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார்கள் 459 பேர். நூற்றுக்குப் பதினொன்றுக்கு மேல்! மருத்துவச்சிகள் வார்டில் 3,754 பிரசவம். இறந்தவர்கள் 105 பேர். நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. பெரிய படிப்புப் படித்தவர்கள் கையில் நாலு மடங்கு சாவு! ஏழைப் பெண்களுக்குப் புள்ளிவிவரம் தெரியாது. ஆனால் உண்மை தெரிந்திருந்தது. முதல் வார்டுக்குப் போக வேண்டிய நாள் என்று தெரிந்தால், மண்டியிட்டு, கைகூப்பி, “அங்கே வேண்டாம் சாமி” என்று கதறினார்களாம். வருகிற வழியில் தெருவிலேயே பெற்றவர்களுக்குக்கூட அந்தக் காய்ச்சல் அதிகம் வரவில்லை.

அன்றைக்கு வியன்னாவில் அறிவாளிகளுக்குப் பஞ்சமா? ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். காற்றில் விஷம் என்றார்கள். செம்மல்வைஸ் கேட்டார்: இரண்டு வார்டுக்கும் ஒரே ஊர், ஒரே காற்றுதானே? அந்தக் காரணம் போச்சு. கூட்ட நெரிசல் என்றார்கள். பயந்துபோய் எல்லோரும் ஓடிய இரண்டாவது வார்டில்தான் நெரிசல் அதிகம்! அதுவும் போச்சு. சாகக் கிடப்பவர்களுக்காகப் பாதிரியார் மணியடித்துக்கொண்டு முதல் வார்டு வழியாகப் போகிறார், அந்தப் பயத்தில் காய்ச்சல் வருகிறது என்றார்கள். மணியில்லாமல் வேறு வழியில் போகச் சொன்னார். சாவு குறையவில்லை. மருத்துவச்சிகள் பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிரசவம் பார்க்கிறார்களே என்று அதையும் செய்து பார்த்தார். அதற்கும் பலன் இல்லை. தோற்ற காரணத்தை ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார் மனிதர்.

1847 மார்ச்சில் ஒரு துயரம். அவருடைய நண்பர், பேராசிரியர் கொலெட்ச்கா இறந்துபோனார். பிரேதப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி அவர் விரலில் பட்டுவிட்டது. அந்தக் காயம் சீழ் பிடித்து மரணம். நண்பரின் பரிசோதனை அறிக்கையைப் படித்த செம்மல்வைஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பிரசவக் காய்ச்சலில் இறந்த தாய்மார்களின் உடம்பில் எதைப் பார்த்தாரோ, அதுவே இந்த ஆண்பிள்ளை உடம்பிலும்!

அப்போதுதான் விளங்கிற்று. டாக்டர்களும் மாணவர்களும் காலையில் பிரேதத்தை அறுக்கிறார்கள். அதே கையோடு வந்து பிரசவம் பார்க்கிறார்கள். மருத்துவச்சிகளுக்குப் பிரேத அறையில் வேலை இல்லை. கத்தி கொண்டுபோனதை இங்கே கை கொண்டுபோகிறது!

எதிரணி நண்பர் எழுந்து, “இதைக் கண்டுபிடித்தது அறிவுதானே?” என்பார். ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அடுத்ததைக் கேளுங்கள். தினமும் காலையில் தவறாமல் பிரேத அறைக்குப் போனவர் யார்? இந்தச் செம்மல்வைஸ்தான்! காரணத்தைக் கண்டுபிடிக்க வேண்டும் என்ற ஆர்வத்தில், மற்றவர்களைவிட அதிகமாகப் பிரேதத்தை அறுத்தவர். காப்பாற்ற நினைத்த கையே கொன்றிருக்கிறது. தன்னால் எத்தனை பேர் அகாலத்தில் மாண்டார்களோ, அது ஆண்டவனுக்கே வெளிச்சம் என்று பின்னாளில் தம் புத்தகத்திலேயே எழுதினார். குற்றவாளிப் பட்டியலில் தன் பெயரைத் தானே எழுதுவதற்கு மூளை மட்டும் போதுமா, நடுவர் அவர்களே? (கைதட்டல்)

அதற்கு முன்பும் அவர்கள் சோப்புப் போட்டுக் கழுவியவர்கள்தான். ஆனால் பிரேத வாடை கையை விட்டுப் போகாது. வாடையைப் போக்குவது அந்தப் பொருளையும் போக்கும் என்று நினைத்தார். 1847 மே மாதம் முதல் குளோரின் கலந்த நீரில், பிறகு குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவாமல் யாரும் உள்ளே வரக்கூடாது என்றார். அந்தச் சுண்ணாம்பு வேறொன்றுமில்லை. நம்ம ஊர்க் கிணற்றில் போடுகிற பிளீச்சிங் பவுடர்தான். ஏப்ரலில் நூற்றுக்குப் பதினெட்டுப் பேர் இறந்த வார்டில், ஜூனில் இறந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு! 1848ஆம் ஆண்டு முழுவதும் சேர்த்து நூற்றுக்கு ஒன்றேகால். மருத்துவச்சிகள் வார்டுக்குச் சமமாக வந்துவிட்டது.

இதற்கு நடுவில், 1847 அக்டோபரில் அவருக்கு ஒரு பரீட்சை வந்தது. புற்றுநோய்ப் புண்ணோடு ஒரு பெண் முதல் படுக்கையில். அவளைப் பார்த்துவிட்டு, வெறும் சோப்பில் கழுவிக்கொண்டு, வரிசையாக அடுத்த பெண்களைப் பார்த்தார்கள். பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் இறந்துபோனார்கள். வேறொருவராக இருந்தால் ‘இது ஏதோ தற்செயல்’ என்று மூடி மறைத்திருப்பார். செம்மல்வைஸ் தன் கொள்கையைத் திருத்தினார். பிரேதம் மட்டுமல்ல, உயிரோடு இருப்பவரின் அழுகிய புண்ணும் நோயைக் கடத்தும். ஆகவே ஒவ்வொரு நோயாளிக்கு நடுவிலும் கை கழுவு என்றார். ஜெயித்த பிறகும் தன்னைத் திருத்திக்கொள்கிறவன்தான் விஞ்ஞானி!

மற்ற டாக்டர்கள் கேட்டார்களா? பெரும்பாலோர் கேட்கவில்லை. ஜெர்மனியின் மாமேதை விர்ஹோவே ஏற்கவில்லை. விர்ஹோவுக்கு அறிவு குறைவா? நோயின் வேரை உடம்பின் உயிரணுக்களில் தேடச் சொன்ன மேதை அவர்! அறிவே போதும் என்றால் அவரல்லவா முதலில் கை கழுவியிருக்க வேண்டும்? ஏற்பது அவ்வளவு சுலபமில்லை ஐயா. கீல் நகரத்துப் பேராசிரியர் மிக்கேலிஸ் ஏற்றார். தாம் பிரசவம் பார்த்து இறந்துபோன உறவுக்காரப் பெண்ணை நினைத்து மனம் உடைந்தார். அந்த வேதனையிலேயே 1848இல் அவர் வாழ்வு முடிந்தது. உண்மை அவ்வளவு பாரம்.

செம்மல்வைஸிடமும் குறை உண்டு. அதையும் நேர்மையாகச் சொல்கிறேன். கண்டதை உடனே எழுதி வைக்கவில்லை. முழுப் புத்தகம் வர 1861 ஆகிவிட்டது. கேள்வி கேட்டவர்களுக்குப் பொறுமையாகச் சான்று காட்டாமல், ‘கொலைகாரர்கள்’ என்று கடிதம் எழுதினார். சொல்கிற விதத்தில் உண்மையும் தோற்கும். 1865இல் மனநல விடுதியில் சேர்க்கப்பட்டு, புண் சீழ் பிடித்து, 47 வயதில் மறைந்தார். எந்த நஞ்சை எதிர்த்துப் போராடினாரோ, அதே இரத்த நஞ்சு! 1879இல் லூயி பாஸ்டர் பிரசவக் காய்ச்சலுக்குரிய கிருமியைக் காட்டியபோது, அதைப் பார்க்க அவர் இல்லை.

நடுவர் அவர்களே! தமிழில் ‘கை கழுவுவது’ என்பதற்கு இரண்டு பொருள். ஒன்று சுத்தம் செய்வது. மற்றொன்று பொறுப்பை உதறிவிடுவது. ‘காற்று, விதி, கடவுள் சித்தம்’ என்று சொல்லி அந்தத் தாய்மார்களைக் கை கழுவினார்கள் அறிவாளிகள். ‘பழி என்னுடையது’ என்று சொல்லிக் கை கழுவினார் ஒரு விஞ்ஞானி! (பலத்த கைதட்டல்)

கூர்மை கத்திக்கும் உண்டு. அதை யார்மேல் வைப்பது என்று சொல்ல நெஞ்சம் வேண்டும். தன்மேலேயே முதலில் வைத்துப் பார்க்கிற அந்த நேர்மையான நெஞ்சமே சிறந்த விஞ்ஞானிக்குப் பெரிதும் வேண்டுவது என்ற தீர்ப்பை வழங்குமாறு வேண்டி அமர்கிறேன்.