பிழைத்துக்கொண்டாரா?

ஐப்பசி மாதத்து இடிமழை இரவொன்றில், எட்டயபுரத்தில் பங்கு இல்லத்துத் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் ஐந்தாறு பேர் அமர்ந்திருந்தோம். ஓடிக்கொண்டிருந்தது, 'கொலம்போ' என்னும் அமெரிக்கத் துப்பறியும் தொடரில் 1976-இல் ஒளிபரப்பான ஒரு கதை. என் தங்கை மகன் குறுந்தகட்டில் தந்தது. (பெயரைக் கேட்ட கோயில் பிள்ளை, இலங்கைப் படமோ என்று எண்ணிவிட்டார்.) சாண்டினி என்னும் மேடை வித்தைக்காரர் பூட்டிய பெட்டிக்குள் அடைபட்டு நீர்த்தொட்டியில் இறக்கப்படுகிறார். சரியாக அந்நேரத்தில் மின்சாரம் நின்றது, அன்றிரவு திரும்பவேயில்லை.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்ததும் இளைஞர்கள், "அத எப்படிச் செய்றான் சாமி?" என்று கேட்டனர். கோயில் பிள்ளையின் வயதான தாயார் கேட்டதோ வேறு: "அந்த மனுசன் பிழைச்சுக்கிட்டாரா சாமி?"

இதேபோலத் திடீரென நின்றுபோன இன்னொரு தொலைக்காட்சி நிகழ்ச்சி அப்போது என் நினைவுக்கு வந்தது. 1956 ஏப்ரல் 9 அன்று, இலண்டன் பி.பி.சி.யின் 'பனோரமா' நிகழ்ச்சியில் பி. சி. சர்க்கார் தோன்றினார். இன்றைய வங்காளதேசத்தின் தாங்காயில் பகுதியில் 1913-இல் பிறந்தவர். 'இந்திரஜால்' என்ற பெயரில் உலகெங்கும் வித்தை காட்டியவர். தீப்தி டே என்னும் 17 வயதுப் பெண்ணை அறிதுயிலில் ஆழ்த்தி மேசைமேல் கிடத்தினார். மின்சாரச் சுழல்வாள் அவள் இடையை ஊடுருவியது. பின்னர் அவளைப் பெயர் சொல்லி அழைத்தார், கைகளைத் தேய்த்தார். அவள் அசையவில்லை. சர்க்கார் தலையை அசைத்துவிட்டு அவள் முகத்தைத் துணியால் மூடினார். தொகுப்பாளர் ரிச்சர்ட் டிம்பிள்பி ஒளிப்படக் கருவியின் முன்வந்து, நிகழ்ச்சி முடிந்தது என்று அறிவித்தார்.

பி.பி.சி.யின் தொலைபேசிகள் ஓயாமல் ஒலித்தன. அழைத்தவர்களுக்கு வித்தையின் இரகசியம் வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் உயிரோடிருக்கிறாளா என்பதே அவர்கள் கேட்டது. அவள் நலமாகவே இருந்தாள். நேரம் கடந்துவிட்டதால் நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது என்றொரு விளக்கம் தரப்பட்டது. நொடிக்கணக்கில் மேடையை ஆண்ட சர்க்காருக்கு நேரம் தவறிற்று என்பதை நான் நம்பவில்லை. மறுநாள் செய்தித்தாள்கள் இதையே முழங்க, டியூக் ஆஃப் யார்க் அரங்கில் அவருடைய காட்சிகளுக்குச் சீட்டுகள் விற்றுத் தீர்ந்தன. இந்தியாவில் தொலைக்காட்சி தொடங்கியதே 1959-இல். சென்னைக்கு அது வந்தது 1975-இல். தம் நாட்டில் இல்லாத ஒரு கருவியின் நாடியை அவர் பிடித்துவிட்டார் என்று வியக்கத்தான் வேண்டும். ஆனாலும் பிறர் பதற்றத்தை நுழைவுச் சீட்டாக மாற்றினாரே என்ற சிறு வருத்தம் எனக்கு உண்டு.

அந்த வணிகம் அவர் தொடங்கியதன்று. பெண்ணை இரண்டாக அறுக்கும் வித்தையை 1921 ஜனவரியில் இலண்டன் மேடையில் முதலில் காட்டியவர் செல்பிட் என்னும் ஆங்கிலேயர். அரங்க வாசலில் இரத்தம் போன்ற நீரை வாளி வாளியாக ஊற்றச் செய்து கூட்டம் சேர்த்தார். பெண்கள் வாக்குரிமைக்குப் போராடிய கிறிஸ்டபெல் பாங்க்ஹர்ஸ்டையே அறுபட வருமாறு அழைத்தார், அவர் மறுத்துவிட்டார். இங்கிலாந்தில் பெண்களில் ஒரு பகுதியினர் வாக்குரிமை பெற்று மூன்றாண்டுகள்கூட ஆகியிராத காலம் அது. அறுபடுவது பெண்ணாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம் என்போர் உண்டு.

நம் கரிசல் ஊர்களிலும் இரத்தம் பேசியிருக்கிறது. சிறு வயதில், காமநாயக்கன்பட்டி மாதா திருவிழாவுக்குப் போகும்போது கூடை வித்தை பார்த்திருக்கிறேன். கூடைக்குள் சிறுவன், வெளியிலிருந்து வாள் குத்தும், சிவப்பு கசியும். "பாதியில எழுந்து போனா ரத்தம் கக்கிச் சாவே!" என்று வித்தைக்காரர் மிரட்ட, நாங்கள் அசையாமல் நிற்போம். என் பாட்டி அந்த மிரட்டலுக்கு அஞ்சியவளல்லள். "முதல்ல புள்ளைய வெளிய விடுய்யா, காசு தாரேன்" என்று கூட்டத்திலிருந்து குரல் கொடுத்தாள். சிறுவன் வெளியே வந்து சிரித்த பிறகே முந்தானையை அவிழ்த்தாள். பனோரமாவைப் பார்த்துத் தொலைபேசியை எடுத்தவர்களை ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு நா எழாததற்குக் காரணம் அவள்தான்.

மறுநாள் மாலை மின்சாரம் வந்ததும் மீதிக் கதையைப் பார்த்தோம். சாண்டினி அந்தத் தண்ணீருக்குள் இருக்கவே இல்லை! எல்லோரும் மூச்சடக்கிப் பார்த்திருக்க, அவர் மேடைக்கு அடியில் இறங்கி, பணியாளர் வேடத்தில் போய், தம் நாஜிப் பழமையைச் சொல்லி மிரட்டிவந்த விடுதி உரிமையாளரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் திரும்பியிருந்தார். துப்பறிவாளர் ஒரு தட்டச்சுப் பொறியின் நாடாவைக் கொண்டு அவரைப் பிடித்தது எனக்குப் பெரும் விருந்து.

கோயில் பிள்ளையின் தாயாரிடம் மறுநாள் இதைச் சொன்னேன்.

"அட பாவி! அவனுக்காக ராத்திரி முழு ஜெபமாலை சொன்னேனே சாமி" என்றார். சற்று யோசித்து, "போகட்டும். அவனுக்கும் வேணும்ல" என்று சொல்லிவிட்டு, பீடத்துக்குப் பூ எடுக்கப் போய்விட்டார்.